முக்கா, மூலையா

செவ்வாய்க்கிழமை

போன வாரம் எங்கள் கும்மிடிப்பூண்டி பிளான்ட்டில் ஃபோர்க்லிஃப்ட் இடித்து முருகேசனுக்குக் கால் உடைந்தது. அந்த விபத்து அறிக்கையை ஸ்பெயின் ஆபீசுக்காக இன்று ஸ்பானிஷில் மொழிபெயர்த்தேன். ஆங்கிலத்தில் 'கார்னர்' என்று மட்டும் இருந்தது. ஸ்பானிஷில் வழி திரும்பும் முக்கு என்றால் எஸ்கினா, உள்ளே ஒதுங்கிய மூலை என்றால் ரின்கோன். எது சரி என்று முருகேசனுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"முக்குல திரும்பிக்கினு இருந்தேன் மேடம். வண்டி ஹாரனே அடிக்கல."

எஸ்கினா என்று எழுதினேன். மேனேஜர் கேட்டாரே என்று வித்தியாசத்தை விளக்கித் தொலைத்தேன்.

"அப்போ ரின்கோன்னே போடும்மா. மூலையில அவனுக்கு என்ன வேலைன்னு அவங்களே கேட்டுக்குவாங்க," என்றார்.

சரி சார் என்றேன். மாற்றாமலே ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டேன், அவருக்கும் ஒரு நகலோடு.

நாளை அதைத் திறந்து பார்ப்பார். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது. அந்த இரண்டு வார்த்தை மட்டும் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.