காலடியில் விழுந்த கயிறு

12-5-2002, ஞாயிறு இரவு, அந்தமான்.

மகன் சேகரின் ஆபீஸ் ஆட்களோடு இன்று ஒரு தீவு பார்க்கப் போனோம். படகுத்துறையில் திருவிழாக் கூட்டம். வந்த படகிலிருந்து கயிற்றை வீசினார்கள். மெட்ராஸ் ஹார்பரில் ஆயுசு முழுக்கக் கப்பலைக் கயிறு போட்டுக் கரையில் கட்டிய கை சும்மா இருக்குமா? பாய்ந்து பிடித்துக் கட்டையில் மாட்டிவிட்டேன்.

“யோவ் பெருசு, கை போயிடும், தள்ளு! யாரு கூட வந்தாரு இவரு?” என்று படகுக்காரன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். சேகர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

தீவில் தனியே இழுத்துப்போய், “மானத்த வாங்காத நைனா. அல்லாரும் ஆபீஸ் ஆளுங்க” என்றான்.

திரும்பும்போதும் படகு வந்தது, கயிறு என் காலடியிலேயே விழுந்தது. இரண்டு கையையும் துண்டுக்குள் சுற்றிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறான். சின்ன வயதில் போலவே வாய் திறந்திருக்கிறது.