துப்பாக்கிக் காலுக்கு மஞ்சள் பொட்டு

5-1-86, ஞாயிறு
குளிர். சூளகிரி மலை பத்து மணி வரை கண்ணிலேயே படவில்லை. ரைஃபிள் கிளப். ஐம்பது மீட்டர், படுத்துச் சுடுவது, துப்பாக்கியின் முன்பக்கம் இரட்டைக்கால் ஸ்டாண்டில். இன்று முதல் முறையாக என் வீட்டுக்காரர் செய்து தந்த ஸ்டாண்ட். எங்கள் ஃபாக்டரி டூல் ரூம் ஆள் வேலை என்றால் சும்மாவா! இம்மியும் ஆட்டம் இல்லை. பாதம் இரண்டும் கண்ணாடி போல பாலிஷ். பொங்கலுக்குப் புடவை வேண்டாம் என்றதற்கு இது. மூன்று வாரம், ஷிஃப்ட் முடிந்து.

அஞ்சு குண்டும் அஞ்சு திசை.

கிளப் கேப்டன் நஞ்சப்பா, எங்கள் ஸ்டோர் கீப்பர், நல்ல மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது: "ஏனம்மா, கை நடுகுத்தா? பத்தொம்போதாந்தேதி செலக்‌ஷன். டீம்ல ஒரு எடந்தான் இருக்குது."

கை நடுங்கவில்லை. எனக்குத் தெரியாதா?

8-1-86, புதன்
இன்ஸ்பெக்‌ஷனில் இன்று ஒரு தட்டு புஷ் வளையங்களுக்குச் சிவப்பு பெயின்ட். கழிவு. மஞ்சள் வைத்தவை மூன்றுதான், திருத்தினால் தேறும். லேத்காரர் முறைத்தார். "இந்த அக்கா இட்லியக்கூட அளந்துதான் தின்னும்." சிரித்துவிட்டேன்.

டூல் ரூம் சாமான் என் மேஜைக்கு வராது. அவர் வேலையை நான் அளந்ததே இல்லை.

வாங்க: ராகி, ஸ்டவ் திரி. போகிக்குத் தூக்கிப்போட: கிழிந்த பாய், பழைய சைக்கிள் டியூப்.

12-1-86, ஞாயிறு
யாரும் வருமுன் போய்விட்டேன். ஸ்டாண்டுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டேன். துப்பாக்கியின் பின்கட்டைக்கு அடியில் ராகி நிரப்பிய அவருடைய பழைய சாக்ஸ். அஞ்சு குண்டு. அஞ்சும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்! சாக்ஸை எடுத்துவிட்டும் சுட்டேன், அப்படியே.

அப்போ குற்றம் ஸ்டாண்டில். தோளால் லேசாக முன்னே தள்ளினால் கால்கள் தரையைக் கவ்வ வேண்டும். பாலிஷ் பாதம் சிமென்ட்டில் வழுக்குகிறது, சுட்டதும் துள்ளுகிறது. தரையோ ஒரு பக்கம் சரிவு. ஸ்டாண்டில் ஆட்டமே இல்லாததால் துப்பாக்கியை நேராக நிமிர்த்த வழியில்லை.

செலக்‌ஷனில் சாக்கு விரிக்க விடமாட்டார்கள். ஸ்டாண்டைத்தான் மாற்ற வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "எப்படி இருந்துச்சு, சரசு?"
"நல்லா இருந்துச்சுங்க."
பொய். ஒன்பது வருஷ சர்வீஸில் பொய் ரிப்போர்ட் எழுதியதில்லை.

13-1-86, திங்கள், போகி
வாயால் சொல்ல வரவில்லை. பாதம் இரண்டிலும் மஞ்சள் பொட்டு வைத்து, அவர் காபி டம்ளர் பக்கத்தில் ஸ்டாண்டை நிறுத்தினேன். பார்த்தார். காபியைக் குடித்து முடித்து ஸ்டாண்டைக் கையில் எடுத்தார்.

"செவப்பு இல்லியே?"
"இல்லீங்க. மஞ்சள்தான்."
"காரணம் எழுதணுமில்ல, இன்ஸ்பெக்டரம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பாலிஷுக்கே நாலு நாளாச்சு" என்றார். ஐயோ, பாவமாக இருந்தது. பிறகு அவரே போகிக் குவியலிலிருந்து சைக்கிள் டியூபை உருவினார். கத்தரிக்கோல் எங்கே என்று அதட்டல் வேறு. அப்பாடா.

19-1-86, ஞாயிறு
பாதத்தில் டியூப் ரப்பர். துப்பாக்கியை நிமிர்த்த ஒரு போல்ட் கொஞ்சம் தளர்வு. கவ்வியது! நாலு குண்டு ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஒன்று மட்டும் விலகி. நஞ்சப்பா தொப்பியைக் கழற்றினார். "ஸ்டாண்டு யாரு மாடித்து?" செஞ்சது என் வீட்டுக்காரர் என்றேன், சத்தமாக. டீமில் இடம் எனக்கே.

வீட்டில் அவர் டார்கெட் தாளை வாங்கி வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். விடுவாரா?
"ஒண்ணு வெளிய போயிருக்குதே?"
"அது ஸ்டாண்டு இல்லீங்க. நான்தான். கடைசி குண்டு, அவசரப்பட்டுட்டேன்."

எழுந்து போய் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்தார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மஞ்சள் பொட்டு வைத்தார். இன்னும் கழுவவில்லை.