இடது புருவம்

ஜூலை 7, திங்கள்

ஏழரைக்கு ஜெபம், எட்டுக்குக் கணக்கு. என் மகள் பட்டாணி பன்னிரண்டு பின்னக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டாள். பதினொரு வயதில் நான் போட்டிருப்பேனா? சத்தியமாக மாட்டேன். ஐந்து வருடமாகச் சமையலறை மேசைதான் அவள் பள்ளிக்கூடம். வாத்தியார், தலைமையாசிரியர், மணி அடிக்கிறவள் எல்லாம் நான்தான்.

இவர் மறுபடி ஆரம்பித்தார். "ஆறாம் வகுப்புக்கு மேல நம்மால முடியுமா? தெருமுனை அரசுப் பள்ளில விண்ணப்பம் குடுக்குறாங்க. ஆகஸ்ட் எட்டு கடைசி."

"கெட்ட வார்த்தையும் கேலியும் கத்துக்கவா அனுப்பணும்? அவ விசுவாசம் வேர் பிடிக்கட்டும், அப்புறம் பாப்போம்" என்றேன். லிஃப்ட் பழுது பார்க்கப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து நாத்தனார் சாப்பிட வந்தார். அதே அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தன் பிள்ளைகள் இரண்டையும் அங்கேயே படிக்கவைத்தார். இரண்டும் இன்றுவரை சபைப் பாடகர் குழுவில் பாடுகின்றன. அதை எனக்குச் சொல்லிக்காட்டாத நாளில்லை.

"ரெண்டு தாள் பரீட்சை வைக்கிறேன். பாஸானா வீட்டுலயே படிக்கட்டும். நான் இனிமே வாய தொறக்கல" என்றார்.

சரி என்றேன். எனக்கென்ன பயம்?

ஜூலை 19, சனி

முதல் தாள் இருபதுக்கு இருபது! எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவள் எழுதும்போது நாத்தனார் தாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார்.

"நீ மாடிக்குப் போய் காஞ்ச துணிய எடுத்துட்டு வா. மெதுவா வா."

அரை மணி நேரம் கழித்து இறங்கினேன். இரண்டாம் தாளில் நான்கு கணக்கைத் தொடங்கி, நான்கையும் அழித்திருந்தாள்; ஓரிடத்தில் தாள் கிழிந்திருந்தது. பட்டாணியின் கண் வீங்கியிருந்தது. "நீங்க ஏன்மா போனீங்க?"

எனக்கு வந்ததே கோபம்! "புள்ளைய பயமுறுத்தி வச்சிட்டு இது ஒரு பரீட்சையாக்கா?" என்று கத்தினேன். அவர் அசரவில்லை.

"அவ கணக்கப் பாக்கல. உன் மொகத்தப் பாக்குறா. தப்பு வந்தா உன் இடது புருவம் ஏறுது."

அபாண்டம்.

ஜூலை 20, ஞாயிறு

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, வேண்டுமென்றே தப்பாகப் போட்ட கணக்கு ஒன்றைப் பார்த்தேன். ஏறுகிறதுதான். கல்யாணத்துக்கு முன் அச்சகத்தில் பிழை திருத்தினபோதே எனக்கு 'புருவம் அக்கா' என்று பெயர். எப்படி மறந்தேன்?

ஜூலை 21, திங்கள்

முக்காலும் எட்டில் ஒன்றும் கூட்டச் சொன்னேன். எட்டில் ஏழு என்று எழுதினாள். சரியான விடை. நான் வேண்டுமென்றே புருவத்தைத் தூக்கினேன். அழித்துவிட்டாள். சரியானதை அழித்துவிட்டு, பன்னிரண்டில் நான்கு என்று எழுதி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். வேத வாசிப்பில் தோமா வந்தான், உயிர்த்தெழுந்த இயேசுவைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவன். "அவன் சந்தேகப்பட்டது தப்பா? நீ என்ன நெனைக்கிற?" என்று கேட்டேன். வாயைத் திறந்தாள், நிறுத்தினாள், என் நெற்றியைப் பார்த்தாள்.

ஐயோ, இதுவுமா? வேர் பிடிக்கட்டும், வேர் பிடிக்கட்டும்னு சொன்னேனே — எதுல பிடிச்சிருக்கு? என் மூஞ்சிலயா? ஆண்டவரே, நான் என்ன பண்ணி வச்சிருக்கேன்?

இவரிடம் சொல்லி அழுதேன். 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர். டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

ஜூலை 28, திங்கள்

ஒரு வாரமாக அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடம் நடத்துகிறேன். விடையைச் சொல்லிக்கொண்டே எழுதுகிறாள்; என் தோள் இறுகினால் அழிக்கிறாள், கள்ளி!

ஆகஸ்ட் 6, புதன்

விண்ணப்பம் கொடுத்தாயிற்று. தோற்றுப்போய்க் கொடுக்கவில்லை. பிழையைக் கண்டால் திருத்துகிறவள் நான். இந்தப் பிழை என்னுடையது. காலை ஜெபமும் வேதமும் வீட்டில்தான், அதை யாருக்கும் விட்டுத்தரமாட்டேன். தோமாவைப் பற்றி மட்டும் இனி அவளே யோசிக்கட்டும்.

நாத்தனாரிடம், "அஞ்சு வருஷம் வீணாக்கா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? என் வகுப்புல பாதிப் பேரு இவ அளவுக்கு வாசிக்கமாட்டாங்க. வேற அம்மாவா இருந்தா வீட்டுலயே சரியா வந்திருக்கும். உன் மொகத்துக்குத்தான் பள்ளிக்கூடம் தேவைப்படுது."

சிரித்துத் தொலைத்தேன். என்ன பண்ணுவது, உண்மைதானே.

செப்டம்பர் 1, திங்கள்

பள்ளி வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பிப் பார்த்தாள். மூக்கைச் சிந்துகிற சாக்கில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

முதல் பரீட்சைத் தாள் வந்தது. இருபதுக்குப் பதிமூன்று. புருவம் ஏறிவிட்டது, தடுக்க முடியவில்லை. ஆனால் அவள் தரையில் உட்கார்ந்து ஷூ லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு அவசரத்துல போச்சு. மத்தது புரியல, அத்தைகிட்ட கேட்டுக்கிட்டேன்" என்றாள், முடிச்சைப் பார்த்தபடியே. பிறகு, "அம்மா, சாப்பிடறதுக்கு முன்னாடி ஏன் கண்ண மூடறன்னு பக்கத்து பெஞ்சுக்காரி கேட்டா. கடவுளெல்லாம் கிடையாதுங்கிறா."

"நீ என்ன சொன்ன?"

"எங்க அம்மா சொல்லிக் குடுத்தாங்கன்னு சொல்ல வந்தேன். அப்புறம் சொல்லல. மொத நாளு பயமா இருந்துச்சு, பாத்ரூம்ல நின்னு ஜெபம் பண்ணேன், பயம் கொறஞ்சுது, அதனாலதான்னு சொன்னேன். ஒனக்குக் கூச்சமா இருந்தா நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோன்னேன்."

முடிச்சு அவிழ்ந்தது. ஷூவை ஓரமாகத் தள்ளினாள். சொன்னது சரியா என்று என்னைக் கேட்கவில்லை.

"பசிக்குதும்மா" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.