வலது பக்க அடுக்கு

ஏங்க,

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாவி ஆணியில மாட்டியிருக்கு.

மதியம் புத்தகக் கடைக்காரர் வருவார். எங்க சிறப்புப் பள்ளி டீச்சர்களுக்கு எது உதவும்னு பார்க்க அவர் கொடுத்த புத்தகங்க வாசல்கிட்ட இருக்கு. இடது அடுக்கு ஸ்கூலுக்கு. வலது அடுக்கைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

அதுல நீல அட்டை போட்டது, பிள்ளைக்கு இருக்கிற குறையைப் பத்திப் பெத்தவங்ககிட்ட எப்படிப் பக்குவமா சொல்றதுன்னு சொல்ற புத்தகம். நேத்து அதுல இருக்கிற மாதிரியேதான் பாப்பாவைப் பத்தி உங்ககிட்ட சொன்னேன். "என் பொண்ணு ஒண்ணும் உன் ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி இல்ல"ன்னு எழுந்து போயிட்டீங்க. சரி, இது உதவாதுன்னு வலது பக்கம் வெச்சுட்டேன். கோபமெல்லாம் இல்ல. எனக்கு எதுவுமே தோணல.

பாப்பா எழுந்ததும் பால் கொடுங்க.

பி.கு: அவ விளையாடும்போது பின்னாடி நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க. திரும்பலைன்னா, அந்த நீல அட்டையை மட்டும் கொடுத்துடாதீங்க.