ஒன்பதாம் குழந்தை உதவவில்லை

குழந்தையின் அப்பாவுக்கு,

உங்கள் ஆராய்ச்சித் தாளை அக்கா வீட்டில் உட்கார்ந்து படித்தேன். “ஒன்பதாம் குழந்தை, இரண்டரை வயது: உதவவில்லை. அறையை விட்டு வெளியேறியது.” வெளியேறியதாம்! நம் பெண்ணைத்தான் இந்த அழகில் எழுதியிருக்கிறீர்கள்.

சின்னக் குழந்தைகள் உதவ வருகிறார்களா என்று சோதிக்க, சுத்தியல் விரலில் பட்டதுபோல் நீங்கள் பொய்யாக அலறினீர்கள். அவள் நிஜமென்று நம்பி, வெளியே உட்கார்ந்திருந்த என்னிடம் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “அம்மா, அப்பாக்கு அடி! வா, வா!” என்று கையைப் பிடித்து இழுத்தாள். நான் பதறிப்போய் உள்ளே வந்தால், நீங்கள் சாவகாசமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள். “கதவைத் தாண்டிட்டா உதவி இல்ல. அதான் ரூல்” என்றீர்கள்.

உங்கள் ஆய்வுக்கூடத்துக் கூண்டுக் குரங்கு பக்கத்துக் குரங்குக்கு ஒரு பழத்தை நீட்டினால் ஊரெல்லாம் சொல்லி மாய்கிறீர்கள். பெற்ற பெண் உங்கள் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் பூஜ்யமா?

போன வியாழக்கிழமை நான் குளியலறையில் வழுக்கி விழுந்து நிஜமாகவே அலறினேன். அவள் உங்கள் அறைக் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். “அப்பா வேலையா இருக்கேன், அப்புறம் வாம்மா” என்று உள்ளேயிருந்தே சொன்னீர்கள்.

பட்டியலில் பத்தாவதாக உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதவவில்லை. அறையை விட்டு வெளியேறவும் இல்லை.

கட்டுப்போட்ட காலோடு,
அவள் அம்மா