தலை எண்ணும் நாளும் நீலப் போர்வையும்

சாகினா, மிச்சிகன்
ஜனவரி கடைசி ஞாயிறு

என் பிரியமுள்ள மகன் மார்லனுக்கு அம்மா லொரெட்டா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் எனக்கும் உன் தங்கை டெஸ்ஸாவுக்கும் உடம்பு சுகம், மனசும் சுகமா என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் கப்பல் ஜப்பானில் கரை சேர்ந்ததை அறிந்து நிம்மதி. அங்கேயும் குளிர் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே வாசல் பனியை நாங்கள் இருவரும்தான் அள்ளிப் போடுகிறோம், கார் காலையில் முனகினாலும் கிளம்பிவிடுகிறது. நீ போனில் டெஸ்ஸாவின் புதுப் பள்ளியைப் பற்றிக் கேட்ட போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன், சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் என்றுதான். அவள் இப்போது அந்தப் பள்ளியில் இல்லை ராசா.

முன்பு படித்த பெரிய பள்ளியில் அவள் பட்ட பாடு உனக்குத் தெரியும். வாசிக்கச் சொன்னால் பாத்ரூம் போகணும் என்று எழுந்து போய்விடுவாள், அப்படியே ஒவ்வொரு வகுப்பாகத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். போன வசந்தத்தில் சபைப் பாடகர் குழுப் பயிற்சி முடிந்ததும் உன் ஞானத்தாய் வெர்னெல் என் கையைப் பிடித்தாள். பழைய கம்பளக் கடைக் கட்டடத்தில் நடக்கிறதே சின்ன சார்ட்டர் பள்ளி, அதில் இப்போது பிள்ளைகளைச் சேர்ப்பவள் அவள்தான். "ஏன்டி லொரெட்டா, அந்த மந்தையில பிள்ளையைத் தொலைச்சுட்டா நிக்கப் போற? என்கிட்ட குடு, என் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்றாள். தனியார் நடத்தினாலும் அரசுப் பணத்தில் நடப்பதால் கட்டணம் கிடையாது, வகுப்பில் கொஞ்சம் பேர்தான். இடத்துக்குக் குலுக்கல் வைப்பார்களே, பெயர் வராமல் போனால் என்ன செய்வது என்று நான் உருகி உருகி ஜெபித்தேன். கடைசியில் குலுக்கவே தேவைப்படவில்லை, இடம் காலியாகத்தான் கிடந்தது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், அங்கே ப்ரூயிட் என்று ஒரு வாத்தியார், டெஸ்ஸா பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு அடியில் அட்டையை வைத்து நகர்த்தி நகர்த்தி அவளை வாசிக்க வைத்தார். ஒரு நாள் கடையில் சூப் டப்பாவை எடுத்து அதன் மேல் இருந்ததையெல்லாம் சத்தமாக வாசித்தாள். நான் அந்த அலமாரிக்கு முன்னாலேயே நின்று அழுதேன், அவளுக்கு ஒரே வெட்கம்.

அக்டோபரில் தலை எண்ணும் நாள் வந்தது. அன்று பெஞ்சில் எத்தனை பிள்ளைகளோ அத்தனைக்குத்தான் அந்த வருஷத்து அரசுப் பணத்தில் பெரும்பங்கு, அதற்காகவே பீட்சா போட்டுக் கூப்பிடுவார்கள், பீட்சாவுக்காகவே நீ ஓடினவன்தானே. டெஸ்ஸாவுக்கு அன்று நல்ல காய்ச்சல். வரமாட்டாள் என்று போன் செய்து வைக்கிறேன், சற்று நேரத்தில் வெர்னெல் காரோடு வாசலில் நிற்கிறாள். "நான் இருக்கேன்ல, பக்கத்துலயே உக்கார வெச்சுக்கறேன், பேர் கூப்பிட்டதும் கொண்டுவந்து விட்டுடறேன்" என்று, நீ கடற்படையிலிருந்து அனுப்பிய நீலப் போர்வையைச் சுற்றி அவளை அணைத்துக்கொண்டு போனாள். பெற்றவளுக்குக்கூட இந்த அக்கறை வராது என்று நான் சபை முழுக்கப் பெருமையடித்தேன் மகனே. அதை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது.

நவம்பரில் நன்றி கூறும் நாள் விருந்து முடிந்து சபைச் சமையலறையில் இருவரும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள், "தப்பா எடுத்துக்காதடி, டெஸ்ஸாவுக்கு எங்க பள்ளிக்கூடம் ஒத்துவரல. வசந்தத்துல பரீட்சை, அவ மார்க்கு எல்லாரையும் கீழ இழுத்துடும்னு மேல பேசிக்கறாங்க. நாங்க வெளிய அனுப்பக் கூடாது, நீயா எடுத்துட்டா பிள்ளைக்கும் கௌரவம்." நான் தலையாட்டினேன். வெர்னெல் சொன்னால் அது பிள்ளையின் நல்லதுக்காகத்தான் இருக்கும் என்று அப்போதும் நம்பினேன். திரும்பச் சேர்க்கப் பெரிய பள்ளிக்குப் போனால் அங்கே இருந்த கிளார்க் பெண் சிரித்துவிட்டாள். "வாங்கம்மா, எண்ணி முடிச்சதும் அங்கேருந்து இப்படித் திரும்பி வர்றது வருஷா வருஷம் நடக்கறதுதான். பிள்ளை இங்க வந்துடும், பணம் அங்கயே தங்கிடும்" என்றாள். அப்போதுதான் அந்தக் காய்ச்சல் நாள் எனக்குப் புரிந்தது. என் பிள்ளைக்காக அவள் வரவில்லை, ஒரு தலைக்காக வந்தாள். முப்பது வருஷமாக ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பங்குபோட்டுப் பாடினவள் என் கழுத்தை அறுத்துவிட்டாள். இப்போது நான் பாடகர் குழுவில் கடைசி வரிசையில் போய் நிற்கிறேன், கண்ணாடியை மறந்த நாளில் வரியை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் வாயை மட்டும் அசைக்கிறேன்.

டெஸ்ஸா மறுபடி பெரிய பள்ளியின் கடைசி பெஞ்சில். கொஞ்ச நாள் வீட்டில் புத்தகத்தையே தொடவில்லை. எனக்கு மூளை கிடையாதா அம்மா என்று ஒரு முறை கேட்டாள், எனக்கு மனம் விட்டுப்போயிற்று. நேற்று வெர்னெல் திடீரென்று வந்தாள், ஒரு கையில் சோள ரொட்டி, மறு கையில் அன்று அவளிடமே தங்கிப்போன உன் போர்வை, துவைத்து மடித்து. "ப்ரூயிட் சார் டெஸ்ஸாவைக் கேட்டுக்கிட்டே இருக்காருடி, பிப்ரவரிக்குள்ள கூட்டிட்டு வந்துடேன்" என்றாள். மிச்சப் பணத்துக்காகப் பிப்ரவரியில் மறுபடி ஒரு முறை எண்ணுவார்கள் என்பது உனக்கே தெரியும். ஆனாலும் ப்ரூயிட் பெயரைக் கேட்டதும் என் மனம் தடுமாறியது, பிள்ளை வாசித்துவிடுவாளே என்று. நான் வாய் திறப்பதற்குள் டெஸ்ஸா என் பின்னாலிருந்து வந்தாள். "அத்தை, அன்னிக்குக் காய்ச்சலோட வந்தேன். இப்ப நல்லாத்தான் இருக்கேன், வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வெர்னெல் ஏதோ சொல்ல வந்தாள். நான் போர்வையை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

இன்று காலை அந்தப் போர்வைக்குள் உட்கார்ந்து, அட்டையை வரிக்கு அடியில் தானே நகர்த்திக்கொண்டு உன் பழைய கடிதம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இனி ஞாயிறுதோறும் நீ போன் செய்து அவளை வாசிக்கச் சொல்லிக் கேள். திக்கினால் முந்திக்கொண்டு சொல்லிவிடாதே, காத்திரு. நேரத்துக்குச் சாப்பிடு, ஜெபத்தை விடாதே. கடலிலும் கரையிலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. ஒன்று மறந்தேன், அடுத்த மாதம் வெர்னெலுக்குப் பிறந்தநாள். ஞானஸ்நானத்தன்று உன்னைக் கையில் ஏந்தியவள், வாழ்த்து அனுப்புவது உன் இஷ்டம். அதில் என் பெயரைச் சேர்க்காதே.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
லொரெட்டா