நோயாளிகள் பட்டியலில் ரூபி

மதினி,

இன்று காலை கோவிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் ரூபிக்குத் தலை பின்னப் போனால் எண்ணெய் தீர்ந்திருந்தது. அலமாரியில் இருந்த உங்கள் புட்டியை எடுத்தேன். ஆமாம், நீங்கள் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்தான். நெற்றியில் ஒரு சொட்டு, நாக்கில் ஒரு சொட்டு என்று சொல்லியிருந்தீர்கள். நான் உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்துவிட்டேன். மூடியைத் திறந்ததும் உங்கள் கை வாசனை வந்தது. நீங்கள் இருந்திருந்தால் இந்த மடலுக்கு அவசியமே இருந்திருக்காது, நேரிலேயே சண்டை போட்டிருப்பேன்.

உங்கள் தம்பிக்கு வாக்கப்பட்ட நாளிலிருந்து நமக்குள் சண்டைக்குக் குறைவில்லை. பெரிய சண்டை மட்டும் ஒன்றுதான். ரூபி பிறந்த மாதமே மதுரை டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். டவுன் சிண்ட்ரோம், ஒவ்வொரு உயிரணுவிலும் ஒரு குரோமோசோம் கூடுதல், இது நோயில்லை, இவள் இப்படித்தான் வளர்வாள் என்று. ஒரு வாரம் அழுதுவிட்டு நான் அவளை வளர்க்க ஆரம்பித்தேன். நீங்கள் அந்த ஞாயிறே, சபையில் வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கும் பட்டியலில் அவள் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். பதின்மூன்று வருஷம் அது மைக்கில் வாசிக்கப்பட்டது. காய்ச்சல்காரர்கள் வந்தார்கள், கால் முறிந்தவர்கள் வந்தார்கள், தேறிப் போனார்கள். ரூபி மட்டும் அங்கேயே இருந்தாள்.

"அவளுக்கு என்ன வியாதின்னு பேரை வாசிக்கிறாக மதினி?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"விசுவாசம் வேணும்த்தா. அம்புட்டுத்தான்."

எனக்கா விசுவாசமில்லை? ஒரு கிண்ணம் சோறூட்ட ஒரு மணி நேரம் ஆன நாட்களில் வாய்க்கு வாய் ஆண்டவரைக் கூப்பிட்டவள் நான். 'அவளைச் சுகமாக்கும் ஆண்டவரே' என்று நீங்கள் கண்ணீரோடு கேட்கும்போதுதான் எனக்குப் பயம் வரும். அவர் செவிசாய்த்துவிட்டால், மறுநாள் காலையில் என் பக்கத்தில் கண் விழிக்கிற பிள்ளை யார்? எனக்கு அவளைத் தெரியாதே.

ஒரு தடவை திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏற்றி, சாணார்பட்டியில் நடந்த சுகமளிக்கும் கூட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போனீர்கள். ரூபி தலையில் கை வைத்த ஊழியக்காரர் என்னைப் பார்த்து, "என்ன பாவம் செஞ்ச, அறிக்கை பண்ணும்மா" என்றார். நான் வாய் திறக்குமுன் நீங்கள் எழுந்துவிட்டீர்கள். "எந் தம்பி பொண்டாட்டிய என்ன பாவம்னு கேக்க நீ யாருய்யா?" பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தீர்கள். உங்களைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும்போல இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும், "அந்தாளுதான் சரியில்ல. சுகம் கெடைக்கும் பாரு" என்றீர்கள். உங்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்ய?

ரூபியின் எண்ணம் வேறு. அவளது சிறப்புப் பள்ளியில் காலையில் டீச்சர் பெயர் வாசிப்பார். கோவிலிலும் அதுதான் நடக்கிறது என்று முடிவுகட்டிவிட்டாள். போதகர் "ரூபி" என்றதும் எழுந்து கை தூக்கி, "உள்ளேன் டீச்சர்!" என்பாள். நான் வெட்கத்தில் பாவாடையைப் பிடித்து இழுப்பேன். உங்களுக்குப் புற்று வந்து படுத்ததும் உங்கள் பெயரும் பட்டியலில் சேர்ந்தது. போதகர் அதை வாசித்த அன்று அவள் சுற்றிப் பார்த்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. "அத்தை வீட்டுல!" என்று கத்தினாள். போதகரே சிரித்துவிட்டார். கட்டிலில் கிடந்த உங்களிடம் வந்து சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். வாரா வாரம் அவள்தான் உங்களுக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள்.

நீங்கள் போன மறு ஞாயிறே உங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். ரூபி பெயர் இருந்தது. இந்தப் பட்டியலிலிருந்து செத்தால்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போதகரிடம் போனால், "உங்க மதினி எழுதிக் குடுத்த பேரும்மா, எப்படி எடுக்கிறது?" என்கிறார். மூன்று மாதம் நடையாய் நடந்தேன். கடைசியில் போன ஞாயிறு எடுத்தார்.

ஜெயித்த மிதப்பில் உட்கார்ந்திருந்தேன் மதினி. பட்டியல் தொடங்கியதும் ரூபி பெஞ்சின் நுனிக்கு வந்து கையைத் தயாராக வைத்துக்கொண்டாள். பெயர்கள் போயின. ஜெபமும் முடிந்தது. கையை இறக்காமலே என்னைப் பார்த்து, "அம்மா, ரூபி லீவா?" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். உங்கள் மேல் கோபம், போதகர் மேல் கோபம், என் மேல் அதைவிட. பதின்மூன்று வருஷம் நீங்கள் அவளை நோயாளியாக்கி வைத்திருந்தீர்கள். நான் ஒரே ஞாயிற்றில் அவளை ஆப்சென்ட் ஆக்கிவிட்டேன்.

இன்று, தலையில் உங்கள் எண்ணெய் மினுமினுக்க அவள் என் பக்கத்தில் இருந்தாள். பட்டியல் முடிந்தது. போதகர் ஜெபிக்கக் கண்ணை மூடுவதற்குள் எழுந்துவிட்டாள். அவரைப் போலவே தொண்டையைச் செருமி, "ரூபி!" என்று கூப்பிட்டாள். "உள்ளேன் டீச்சர்!" என்று அவளே பதிலும் சொன்னாள். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. நான் பாவாடையைப் பிடித்து இழுக்கவில்லை.

அவள் உட்காரவில்லை. "அத்தை!" என்றாள். காத்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். போதகரும் பார்த்தார், சபையும் பார்த்தது.

கோபம் இன்னும் ஆறவில்லை மதினி. ஆனாலும் பிள்ளைக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"வீட்டுல."